குதிரைக்கு ஒரு மாம்பழம்

மல்லாவிப் பக்கத்து வீடுகளில் குசினிக்குப் பின்னால் ஒரு கழுநீர் வாளி இருக்கும். அரிசி கழுவிய தண்ணீர், வடித்த கஞ்சி, பூசணிக்காயின் குடல், வாழைப்பழத் தோல், கோவா இலை, கத்தரிக்காய்க் காம்பு, இரவு மிஞ்சிய சோறு எல்லாம் அதற்குள்தான் போகும். பின்னேரம் பட்டிக்குத் திரும்பும் பசு அந்த வாளிக்குள் முகத்தை விட்டால் அடி தெரியும்வரை நிமிராது. மறுநாள் விடிய வழக்கம்போலப் பாலும் தரும்.

அதே வாளியை ஒரு குதிரைக்கு முன்னால் வைத்தால் அன்றிரவே அது வயிற்றுக்குத்தில் நிலத்தில் கிடந்து புரளக்கூடும். ஒரு கிழமைக்குள் கால் ஊன்ற முடியாமலும் போகலாம்.

மாடு தின்பதும் புல், குதிரை தின்பதும் புல். இரண்டுக்கும் குளம்பு இருக்கிறது, இரண்டும் பகல் முழுவதும் மேய்கின்றன. உடலளவில் மாட்டைவிடக் குதிரை பலசாலி போலவும் தெரிகிறது. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

குதிரை மல்லாவிக்குப் பழக்கமான விலங்கல்ல. ஆனால் நெடுந்தீவுக்குச் சுற்றுலா போகும் பாடசாலைப் பிள்ளைகள் அங்கே வெளியில் மேயும் குதிரைகளைப் பார்த்ததும் பைக்குள் இருக்கும் பிஸ்கற்றையும் வாழைப்பழத்தையும் தேடுகிறார்கள். வெள்ளாங்குளம் வழியாக மன்னாருக்குப் போகிறவர்கள் நகரத் தெருக்களில் அலையும் கழுதைகளுக்குப் பாண் துண்டு போடுகிறார்கள். கழுதை குதிரையின் நெருங்கிய உறவு. வயிற்றின் அமைப்பும் ஏறத்தாழ அதே அமைப்புத்தான். அன்பினால் கொடுப்பது விலங்குக்கு ஆகாமல் போகக்கூடாது என்றால், கொடுக்கும் பண்டம் உள்ளே போய் என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும்.

குளம் மேலே, குளம் கீழே

புல்லின் நார்ப்பொருளைச் சமிக்கச் செய்யும் நொதியம் மாட்டின் உடலிலும் இல்லை, குதிரையின் உடலிலும் இல்லை. இரண்டுக்கும் அந்த வேலையைச் செய்து கொடுப்பவை வயிற்றுக்குள் குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணங்கிகள். அவை நாரைப் புளிக்கவைத்து, விலங்கு உறிஞ்சிக்கொள்ளக்கூடிய அமிலங்களாக மாற்றுகின்றன. இதை நொதித்தல் என்போம். நொதித்தல் உடலின் எந்த இடத்தில் நடக்கிறது என்பதில்தான் மாடும் குதிரையும் பிரிகின்றன.

வவுனிக்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் வரும் தண்ணீர் முதலில் குளத்தில் தேங்குகிறது, அதன் பிறகே வாய்க்கால் வழியாக வயலுக்குப் போகிறது. வெள்ளம் கலங்கலாக வந்தாலும் குளம் அதை வாங்கித் தணித்துத்தான் கீழே விடும். மாட்டின் வயிறு இப்படிப்பட்டது. அதன் நான்கு அறை இரைப்பையில் முதல் அறைதான் குளம். பெரிய பசுவில் அது நூறு லீற்றருக்கு மேல் கொள்ளும். எதைத் தின்றாலும் முதலில் அங்கே போய் நுண்ணங்கிகளின் கையில் விழுகிறது. பசு அதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து ஆறுதலாக அசைபோடுகிறது. அதற்குப் பிறகுதான் உண்மையான இரைப்பையும் சிறுகுடலும்.

குதிரையில் வயல் மேலே இருக்கிறது, குளம் கீழே இருக்கிறது. இரைப்பை மிகச் சிறியது. பெரிய குதிரைக்கே 8 முதல் 15 லீற்றர்தான். அடுத்து வரும் சிறுகுடல் ஏறத்தாழ 20 மீற்றர் நீளம். சீனியும் மாப்பொருளும் புரதமும் அங்கே உறிஞ்சப்பட வேண்டும், அதற்குக் கிடைப்பது சில மணி நேரம் மட்டுமே. மிஞ்சியது போய் விழும் இடம், ஒரு மீற்றர் நீளத்தில் 30 லீற்றர் அளவு கொள்ளும் குருட்டுக்குடலும் அதைத் தொடரும் பெருங்குடலும். நுண்ணங்கிகள் குடியிருப்பது அங்கேதான். மாட்டின் முறையை முன்நொதிப்பு என்றும் குதிரையின் முறையைப் பின்நொதிப்பு என்றும் குறிக்கலாம். யானையும் காண்டாமிருகமும் முயலும் குதிரையின் பக்கம். ஆடும் மானும் மரையும் மாட்டின் பக்கம்.

பின்நொதிப்பு தாழ்ந்த முறை என்று எண்ணிவிட வேண்டாம். சத்தில்லாத காய்ந்த புல் நிறையக் கிடைக்கும் நிலத்தில் குதிரை நின்று அசைபோட வேண்டியதில்லை. தின்றுகொண்டே, வெளியேற்றிக்கொண்டே போகலாம். நெடுந்தீவின் வரண்ட வெளியில் குதிரை இத்தனை தலைமுறை தாக்குப்பிடித்ததற்கு இந்த வயிறும் ஒரு காரணம்.

ஆனால் அந்தக் கீழ்க்குளத்து நுண்ணங்கிகள் நாருக்குப் பழகியவை. ஒரு வாளி சோறோ பாணோ ஒரே நேரத்தில் இறங்கினால் சிறுகுடலால் முழுவதையும் உறிஞ்ச முடியாது. மிஞ்சிய மாப்பொருள் அப்படியே குருட்டுக்குடலில் போய்க் கொட்டும். மாப்பொருளை விரும்பும் பற்றீரியாக்கள் அங்கே மளமளவென்று பெருகி இலற்றிக் அமிலத்தைச் சுரக்கின்றன. அமிலம் ஏற ஏற, நாரைச் சமிக்கச் செய்த பழைய நுண்ணங்கிகள் சாகின்றன. அவற்றின் உடைந்த உடல்களிலிருந்து வெளிப்படும் நச்சு இரத்தத்தில் கலக்கிறது. குதிரையின் குளம்புச் சுவரை உள்ளெலும்போடு பிணைத்து வைத்திருப்பவை மெல்லிய இழைத்தாள்கள். அவை இப்போது வீங்கி இளகுகின்றன. இந்த நோயைக் குளம்புத்தாள் அழற்சி என்று சொல்லலாம். முற்றினால் எலும்பு குளம்புக்குள்ளேயே கீழிறங்கிவிடும். வாயால் தின்றதற்குக் கால் விலை கொடுப்பது மிகவும் கொடுமையான காட்சி.

இப்படியொரு ஆபத்து மாட்டுக்கு இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. அறுவடைக் காலத்தில் கட்டறுத்துப்போய் நெற்குவியலில் வாய்வைத்த மாடு வயிறு உப்பிச் செத்த கதை வன்னியில் எந்தக் கிராமத்திலும் கிடைக்கும். அங்கேயும் குற்றவாளி இதே அமிலந்தான். பட்டிப்பொங்கல் அன்று பாசத்தோடு சட்டி சட்டியாகப் பொங்கலை ஊட்டுவதும் அதே வழியில்தான் கொண்டுபோய் விடும். ஒரு கைப்பிடி கொடுத்து, நெற்றியில் பொட்டு வைத்து, பிறகு வைக்கோலைப் போடுங்கள். மாட்டுக்குத் தாங்கும் அளவு கொஞ்சம் அதிகம், குதிரைக்கு மிகக் குறைவு. வித்தியாசம் அவ்வளவுதான்.

திரும்பி வர வழியில்லாத தொண்டை

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் உள்ள தசைவளையம் மிகவும் வலியது, குழாய் நுழையும் கோணமும் சரிவானது. இரைப்பை நிரம்பி அழுத்தம் கூடினால் அந்த வாய் இன்னும் இறுகிக்கொள்ளும். ஆகாத பண்டம் உள்ளே போய்விட்டால் மனிதனுக்கும் நாய்க்கும் இருக்கும் அந்தக் கடைசித் தப்பும் வழி குதிரைக்குக் கிடையாது.

அதற்கு மேலே இன்னொரு இடர் இருக்கிறது. குதிரையின் உணவுக்குழாய் ஒன்றேகால் மீற்றருக்கும் மேல் நீளமானது. மெல்லும்போது மட்டுமே அதன் வாயில் உமிழ்நீர் சுரக்கும். மெல்லாமல் விழுங்கிய பண்டம் வழுக்கிச் செல்ல ஈரம் இல்லாமல் நடுவழியில் நின்றுவிடுகிறது. மனிதருக்குப் புரையேறுவதுபோல மூச்சு அடைபடாது, ஏனென்றால் அடைபட்டது மூச்சுக்குழாய் அல்ல. குதிரை கழுத்தை நீட்டி நீட்டி இழுக்கும், இருமும், பிறகு இரண்டு நாசித்துவாரத்தாலும் பச்சை நிறத்தில் உமிழ்நீரும் மென்ற தீனியும் ஒழுகும். முதன்முறை பார்ப்பவர் பதறிப்போய்த் தண்ணீரையோ எண்ணெயையோ வாய்க்குள் ஊற்றப் பார்ப்பார். அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். தீனியையும் தண்ணீரையும் எடுத்துவிட்டு, தலையைத் தாழ்த்தி நிற்கவிட்டு, மிருக வைத்தியரை அழைப்பதுதான் செய்ய வேண்டியது.

மாட்டிலோ இதே அடைப்பு வேறு விதமாகக் கொல்கிறது. முன்நொதிப்பில் உண்டாகும் வாயுவை மாடு இடைவிடாது ஏப்பமாக விட்டுக்கொண்டிருக்க வேண்டும். மாங்கொட்டை ஒன்று தொண்டையில் இறுகிவிட்டால் வாயு வெளியேற வழியின்றி இடப்பக்க வயிறு முரசுபோல் உப்பும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். ஆக, கொட்டை இரண்டு விலங்குக்குமே ஆகாது.

ஒரு கறுத்தக்கொழும்பானைக் கையில் எடுப்போம்

இப்போது கணக்குப் பார்ப்போம். நல்ல பழுத்த கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒன்று. தோலும் கொட்டையும் போக 200 கிராம் சதை என்று வைத்துக்கொள்வோம். மாம்பழச் சதையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 14 கிராம் சீனி. ஆகவே நம் கையில் இருப்பது 28 கிராம் சீனி.

குதிரை 250 கிலோ எடையுள்ள சிறிய குதிரை. ஒரு நாளைக்கு உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது ஈரம் நீக்கிப் பார்த்தால் 5 கிலோ புல், அதற்கு வேண்டும். அந்தப் புல்லில் நூற்றுக்கு எட்டுப் பங்கு சீனி என்று கொண்டால் நாளுக்கு 400 கிராம். கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆனால் குதிரை அதைப் பதினாறு மணி நேரம் நடந்து நடந்து மேய்ந்து சேர்க்கிறது. மணிக்கு 25 கிராம்.

அப்படியானால் ஒரு மாம்பழம் என்பது ஒரு மணி நேர மேய்ச்சலின் சீனி. குதிரை அதைத் தின்ன ஒரு நிமிடம் போதும். நல்ல சுகத்தோடு இருக்கும் குதிரை இதைத் தாங்கிக்கொள்ளும், கவலையில்லை. பத்துச் சுற்றுலாப் பயணிகள் ஆளுக்கொரு பழம் கொடுத்தால்? 280 கிராம். பதினொரு மணி நேர மேய்ச்சலின் சீனி பத்து நிமிடத்தில் உள்ளே போகிறது. ஒவ்வொருவரும் ஒரு பழந்தானே கொடுத்தோம் என்று நினைத்துக்கொண்டு வீடு போவார்கள். வரண்ட மேய்ச்சலுக்குப் பழகிய சிறு குதிரை இனங்களும் கழுதைகளும் இரத்தத்தில் ஏறும் சீனியைச் சமாளிப்பதில் பலவீனமானவை. குறைந்த தீனியில் உயிர்வாழச் சேமிக்கக் கற்ற உடல் அது. அவற்றுக்கு இரத்தத்தில் இன்சுலின் கூடினாலே குளம்புத்தாள் இளகத் தொடங்கிவிடும்.

ஆகவே அந்தப் பழத்தை இப்படி ஆயத்தம் செய்யுங்கள். முதலில் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். தோலோடு கொடுப்பதானால் பூச்சிமருந்து படிந்திருக்கலாம் என்பதை மறக்கவேண்டாம். கொட்டையின் இரு பக்கமும் கத்தியை இறக்கிக் கன்னங்களை எடுத்து, கொட்டையைத் தனியே வைத்துவிடுங்கள். கன்னத்தை நீளவாக்கில் விரல் பருமனான கீற்றுகளாக வெட்டுங்கள். சதுரத் துண்டும் உருண்டைத் துண்டும் கூடாது. குதிரையின் முன்பல் கடித்து நறுக்கும், பின்பல் பக்கவாட்டில் அரைக்கும். நீண்ட கீற்று வாய்க்குள் வந்தால் அது கடித்து அரைக்காமல் விழுங்க முடியாது. சிறு வட்டமோ நாக்கில் உருண்டு நேரே தொண்டைக்குப் போய்விடும், அதன் அளவும் தொண்டையை அடைப்பதற்குச் சரியாக இருக்கும். கரட்டையும் வட்டம் வட்டமாக வெட்டாமல் நீளவாக்கில் பிளப்பது இதனால்தான். பல் தேய்ந்த கிழக் குதிரைக்குத் துருவலாகக் கொடுப்பார்கள்.

கொடுக்கும்போது உள்ளங்கையை விரித்து, பெருவிரலை ஒட்டி வைத்து, அதன்மேல் கீற்றை வைக்க வேண்டும். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் அதன் மூக்குக்கு நேர் கீழே இருப்பது அதற்குத் தெரியாது. மேலுதடும் அதிலுள்ள நீண்ட மயிர்களும் தடவித்தான் பண்டத்தை அறிகின்றன. விரலையும் கரட்டையும் அந்த உதட்டால் எப்போதும் பிரித்தறிய முடியாது. இரண்டு மூன்று கீற்று கொடுத்தால் போதும். மிச்சத்தை வீட்டுப் பிள்ளைகள் தின்னட்டும்.

பாண்டிய நாட்டுக்கு வந்த குதிரைகள்

தவறான தீனி குதிரையைக் கொன்றது பற்றிய பழைய குறிப்பு ஒன்று தமிழ்நாட்டிலிருந்தே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை ஓர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து வாங்குகிறான் என்றும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார். சோற்றையும் வெந்த இறைச்சியையும் கலந்து ஊட்டுகிறார்கள், குதிரையைப் பேணத் தெரிந்தவர் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். பாரசீக வரலாற்றாசிரியர் வசாப்பும் வறுத்த வாற்கோதுமையும் நெய் சேர்த்த தானியமும் காய்ச்சிய பசுப்பாலும் கொடுத்ததாகக் குறிப்பிட்டார். மாணிக்கவாசகரைக் குதிரை வாங்கப் பொன்னோடு அனுப்பிய பாண்டியனின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்நாட்டு அரசர் குதிரைக்காக எவ்வளவு செலவிட்டார்கள் என்பது புதிய செய்தியல்ல.

போலோ சொன்ன காரணத்தை மட்டும் வைத்து வழக்கை முடித்துவிட முடியாது என்பது என் எண்ணம். வாரக்கணக்கான கடற்பயணம், வியர்க்க முடியாமல் திணறவைக்கும் ஈரப் புழுக்கம், லாடம் அடிப்பவர் இல்லாத குறை, ஈக்கள் பரப்பும் இரத்த ஒட்டுண்ணி நோய் எல்லாம் அவற்றைத் தாக்கியிருக்கும். அந்த ஒட்டுண்ணியை 1880இல் கிரிபித் எவான்ஸ் என்ற மிருக வைத்தியர் பஞ்சாபில் கண்டறியும்வரை, குதிரை ஏன் இளைத்துச் சாகிறது என்று யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் சோற்றுக் கணக்கு போலோவுக்குச் சார்பாகவே நிற்கிறது. ஒரு கிலோ சோற்றில் ஏறத்தாழ 280 கிராம் மாப்பொருள் உண்டு. இன்று குதிரை உணவு வல்லுநர்கள் எச்சரிக்கையாகச் சொல்லும் அளவு, ஒரு வேளைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 கிராம் மாப்பொருள். நம் 250 கிலோ குதிரைக்கு ஒரு கிலோ சோறே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. அவித்த மாப்பொருள் சிறுகுடலில் கொஞ்சம் இலகுவாகச் சமிக்கும் என்பது உண்மைதான். அப்போது சீனி இரத்தத்தில் வேகமாக ஏறும். புல்லுக்குப் பதிலாகச் சட்டி சட்டியாகச் சோறு போனால், ஒரு பக்கம் தப்பியது மறுபக்கம் அகப்படும்.

பிற்காலத்தில் தென்னாட்டில் குதிரைக்குக் கொள்ளு அவித்துக் கொடுக்கும் வழக்கம் நிலைத்தது நல்ல தேர்வு. பருப்பு வகை விதைகளில் புரதச் சமிபாட்டைத் தடுக்கும் பொருட்கள் உண்டு, அவித்தால் அவை குறைகின்றன. சோற்றைவிட மாப்பொருளும் குறைவு.

வாளியிலிருந்து எதை எடுத்துவிடுவது

கழுநீர் வாளிக்கு வருவோம். கரட், பீற்றூட், வாழைப்பழம், கொட்டை நீக்கிய பப்பாசி, வத்தகப்பழத்தின் தோல், பூசணிக் கீற்று ஆகியவை குதிரைக்குச் சிறிதளவில் ஒத்துவரும். வாழைப்பழத்தைக் கழுவினால் தோலோடேயே கொடுக்கலாம், குதிரைகள் தோலை விரும்பித் தின்கின்றன.

உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள். அவற்றின் பச்சைப் பகுதிகளிலும் முளைகளிலும் நரம்பையும் குடலையும் தாக்கும் நச்சு இருக்கிறது. வெங்காயமும் உள்ளியும் குதிரையின் செங்குருதிக் கலங்களை உடைக்கின்றன. கோவா, பூக்கோவா போன்றவை குடலில் வாயுவை நிரப்பும், ஏப்பமும் விட முடியாத விலங்குக்கு அது தாங்கமுடியாத வலி. அவக்காடோவின் இலை, தோல், கொட்டை எதுவும் ஆகாது. பூஞ்சணம் பிடித்த பாண் எக்காரணத்துக்கும் கூடாது. தோட்டத்தில் வெட்டிக் குவித்த புல்லையும் கொடுக்காதீர்கள். குவியலுக்குள் சூடேறி அது அங்கேயே நொதிக்கத் தொடங்கிவிடும். குதிரை மெல்லாமல் அள்ளி விழுங்கும்.

மரவள்ளி மட்டும் இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. அதன் இலையிலும் கிழங்குத் தோலிலும் சயனைட்டை விடுவிக்கும் பொருள் உண்டு. மாட்டின் மேற்குளத்து நுண்ணங்கிகள் அதை உடனே உடைத்து நஞ்சை வெளியே விடுகின்றன. ஆடு மாடு மரவள்ளித் தோட்டத்துக்குள் புகுந்து சில நிமிடங்களில் விழுந்து சாவது இதனால்தான். குதிரையின் இரைப்பை அமிலம் அந்த உடைப்பைக் கொஞ்சம் மந்தப்படுத்துவதால் அது மாட்டைவிடச் சற்றுத் தாங்கும். இரண்டுக்குமே கொடுக்கக்கூடாது என்பதில் மாற்றமில்லை. ஆனால் எந்த வயிறு எந்த நஞ்சுக்கு எளிதில் விழுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

நெடுந்தீவில் என்ன செய்வது

இவ்வளவும் உரிமையாளர் இருக்கிற, நாளாந்தம் என்ன தின்றது என்று தெரிந்த குதிரைக்கு. நெடுந்தீவுக் குதிரைகள் அப்படியல்ல. போர்த்துக்கேயர் காலத்தில் வந்தவை என்று பொதுவாகச் சொல்லப்படும் அவற்றை ஒல்லாந்தர் பெருக்கினார்கள். அவர்கள் கட்டிய லாயத்தின் தூண்கள் இன்னும் அங்கே நிற்கின்றன. ஆங்கிலேயர் காலத்தின் தொடக்கத்தில் நோலன் என்ற அதிகாரியும் அங்கே குதிரை வளர்ப்பைக் கவனித்தார். வளர்ப்பு கைவிடப்பட்ட பிறகு அவை காட்டு வாழ்வுக்குத் திரும்பிவிட்டன. தீவின் ஒரு பகுதி 2015 ஆம் ஆண்டு யூனில் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது, நமக்குக் கிட்டிய சுண்டிக்குளமும் அதே சமயத்தில்தான்.

அந்தக் குதிரைகளின் குருட்டுக்குடல் நெடுந்தீவின் காய்ந்த புல்லுக்கு மட்டுமே பழகியது. திடீரென்று வரும் பிஸ்கற்றும் பாணும் அதற்கு முற்றிலும் புதியவை. எந்தக் குதிரை ஏற்கெனவே எத்தனை பேரிடம் தின்றது என்று நமக்குத் தெரியாது. அடைப்பு வந்தால் குறிகட்டுவானிலிருந்து படகில் வைத்தியர் வந்து சேர வேண்டும். பொலித்தீன் பையோடு சேர்த்து விழுங்கினால் அதை வெளியே எடுக்கவும் வழியில்லை. ஆகவே அங்கே எதையும் கொடுக்காதீர்கள், கீற்றாக வெட்டிய மாம்பழத்தைக்கூட. மன்னார்க் கழுதைகளுக்குத் தெருவில் பாண் போடுவதையும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்தக் குதிரைகளுக்குக் குறைவது தண்ணீர். கடும் வரட்சி ஆண்டுகளில் குட்டைகள் வற்றி அவை செத்திருக்கின்றன. யூலை, ஓகஸ்ட் மாதங்களில் நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் மேய்ச்சல் வெளியில் தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடப்பதைக் கண்டால், படகேறுவதற்கு முன் பிரதேச செயலகத்திலோ வனஜீவராசிகள் திணைக்களத்தாரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.